ஒரே ஒரு நட்டு

"ஒரே ரோட்டுலதானே சுத்திச் சுத்தி வர்றாங்க, இதுல என்னடா இருக்கு?" என்று அக்கா கேட்டாள். ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கிற எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொள்கிற கேள்விதான். வேகத்தைச் சொல்லிப் பயனில்லை. டிவியில் 300 கிலோமீட்டர் வேகம் அப்படித் தெரிவதே இல்லை. "சரி, கார் டயர் மாற்ற வரும். அதை மட்டும் பார்" என்றேன். வந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போயும் விட்டது.

மறுபடி ஓடவிட்டு, மெதுவாகக் காட்டினேன். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர். வீல் கன் வைத்திருப்பவர் நட்டைக் கழற்றுவார், இன்னொருவர் பழைய டயரை உருவுவார், மூன்றாமவர் புதியதைச் செருகுவார், உடனே கன் மறுபடி முடுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 பேர். ஜாக் போடுபவர்கள், காரை ஆடாமல் பிடிப்பவர்கள் எல்லாம் தனி. எனக்குப் பிடித்தவர் முன்பக்க ஜாக் ஆள். பாய்ந்து வருகிற கார் தன் காலடியில் நின்றுவிடும் என்று நம்பி நேர் எதிரே நிற்கிறாரே, அந்தத் தைரியம் எனக்கு வராது.

2010 முதல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பத் தடை. அதனால் டயர் மாற்றும் நேரம்தான் எல்லாமே. 2023இல் கத்தாரில் லாண்டோ நாரிஸின் காருக்கு மெக்லாரன் அணி ஆட்கள் 1.80 நொடியில் நான்கையும் மாற்றினார்கள். நான் ஒருமுறை ஒரே ஒரு ஸ்டெப்னி மாற்ற முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரு நட்டு உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது.

ஃபார்முலா ஒன் காரில் சக்கரத்துக்கு ஒரே நட்டுதான். வேகத்துக்கு அதுதான் காரணம், வினையும் அதுதான். 2021 மொனாக்கோ பந்தயத்தில் மெர்சிடீஸ் அணியின் வால்டேரி போட்டாஸ் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். முந்துவதற்கு இடமே இல்லாத குறுகிய தெருக்கள் அவை. முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு சுற்று முன்னதாகவே புது டயர் போட்டு, அவன் டயர் மாற்றுகிற இடமான பிட்டுக்குள் போய் வருவதற்குள் தாண்டிவிட வேண்டும். அண்டர்கட் என்பார்கள். போட்டாஸ் பிட்டுக்கு வந்தார். வலது முன்சக்கரத்தில் கன் சரியாகப் பொருந்தாமல் சுழன்று, நட்டின் பற்களை வழித்து எடுத்துவிட்டது. மூன்று புது டயரோடு கார் நிற்கிறது, நான்காவது அசையவில்லை. அவருடைய பந்தயம் அங்கேயே முடிந்தது. அந்தச் சக்கரம் கழன்றது இரண்டு நாள் கழித்து, இங்கிலாந்தில் இருக்கும் மெர்சிடீஸ் தொழிற்சாலையில்!

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். இப்போது யார் ஜெயித்தார்கள் என்று கேட்பதில்லை. கார் பிட்டுக்குள் நுழைந்தால் சமையலறையிலிருந்து ஓடி வருகிறாள். போன வாரம் யாருக்கோ மூன்றரை நொடி ஆகிவிட்டது.

"தூங்கிட்டாங்களா?" என்றாள்.