கரை பார்க்க வந்தவள்: சியெம் ரீப் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

பாங்காக் வழியாக மாலையில் கம்போடியாவின் சியெம் ரீப் வந்து சேர்ந்தேன். 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. என் வயதில் தனியாக வருகிறவர்கள் விடுதிக்காரர்களிடம் சொல்லி முன்னதாகவே வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம்.

அறுபத்தெட்டு வயதில் துணையில்லாமல் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. ஒரு குழுவோடு போயிருக்கலாமே என்றாள் மகள். குழுப் பயண நிரல்கள் சிலவற்றை வாங்கிப் பார்த்தேன். கோயில்கள் இருந்தன, கடைவீதி இருந்தது, ஏரிக்கரை ஒன்றிலும் இல்லை. பொதுப்பணித் துறையில் ஏரிகளோடு காலம் கழித்த எனக்கு, கெமர் அரசர்களின் பழைய தலைநகரான அங்கோரில் முதலில் பார்க்கவேண்டியது அதுதான். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதியதால் பிரீமியம் கூடிற்று. பணம் போனால் போகட்டும். மறைத்துவிட்டு அயல்நாட்டு மருத்துவமனையில் படுத்துக்கொண்டு வாதாட முடியாது.

4 பிப்ரவரி, செவ்வாய்

அங்கோருக்கு மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர். அந்த மூன்று நாட்களைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால், இடையில் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது. முகத்தைப் படம் பிடித்துச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள்.

அங்கோர் வாட்டில் எல்லோரும் கோபுரங்களை நோக்கி விரைந்தபோது நான் அகழிக்கரையில் நின்றுவிட்டேன். ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அந்த அகழியை வெறும் அரணாகவோ அலங்காரமாகவோ கொள்ள முடியாது. மணற்பாங்கான நிலத்தின்மேல் இவ்வளவு கல்லை ஏற்றி வைத்திருக்கும்போது, அடியிலுள்ள மணல் ஒருமுறை காய்ந்தும் மறுமுறை ஊறியும் அசைந்தால் கட்டடம் இறங்கிவிடும். நிலத்தடி நீரின் மட்டம் பெரிதாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அகழி செய்கிறது.

கிழக்குப் பிராகாரச் சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியை இழுக்கிறார்கள் என்பது புத்தகத்தில் படித்தது. நேரில் என்னைப் பிடித்து நிறுத்தியவை கீழ்வரிசையில் உள்ள மீன்களும் முதலைகளும்தான். மத்தை விட்டு விலகியிருப்பவை முழு உடலோடு நீந்துகின்றன. நெருங்க நெருங்க, சுழலின் வேகத்தில் அவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. நீரின் விசையை அறிந்த ஒருவன் செதுக்கியது அது. என் பின்னால் வழிகாட்டிகள் தத்தம் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து, படம் எடுக்கச் செய்து, ஓட்டிக்கொண்டு போனார்கள்.

உச்சித் தளத்துக்குப் பழைய செங்குத்துப் படிகளின்மேல் கைப்பிடியோடு மரப்படி அமைத்திருக்கிறார்கள். ஏறவில்லை. ஏறிவிடலாம், இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆகாது.

6 பிப்ரவரி, வியாழன்

நேற்று முழுவதும் அறையிலேயே இருந்தேன். உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பிரஹோக் எனும் மீன் விழுது பல பதார்த்தங்களில் சேர்வதால், சைவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், சோறும் பழமும் எங்கும் கிடைக்கின்றன.

இன்று நியாக் பியன் என்னும் தீவுக் கோயில். நூற்றாண்டுகளாக வறண்டு கிடந்த வடக்கு ஏரியில் மீண்டும் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் நடுவிலுள்ள தீவுக்கு மரப்பாலத்தின்மேல் நடந்து போகவேண்டும். நடுக்குளத்தைச் சுற்றி நான்கு சிறு குளங்கள். யானை, குதிரை, சிங்கம், மனிதன் என்று நான்கு முகங்களின் வாய்வழியே நீர் அவற்றில் விழுமாறு அமைத்தவர் ஏழாம் ஜெயவர்மன். 1186இல் எழுந்த தா ப்ரோம் கோயிலின் கல்வெட்டு, அவர் நாடெங்கும் 102 மருத்துவமனைகள் நடத்தியதாகச் சொல்கிறது. இந்தக் குளங்களையும் நோய் தீர்க்கும் நீராடலோடு சேர்த்தே ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். மாத்திரைப் பெட்டியோடு வந்திருக்கும் எனக்கு இந்த அரசரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

மேற்கு பாராய் என்னும் பழைய பெரிய ஏரிக்குப் போகவேண்டும் என்றதும், அங்கே கோயில் இல்லையே என்று டுக்டுக் ஓட்டுநர் தயங்கினார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன்.

ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். 11ஆம் நூற்றாண்டு வேலை. நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் நிலத்தின் சரிவை நம்பியவை: பள்ளமான பக்கத்தில் கரை போட்டால் போதும், மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும், ஓடிவரும் மழைநீர் தானாகத் தேங்கும். இங்கே குலேன் மலையிலிருந்து தொன்லே சாப் ஏரி வரை நிலம் மிக மெல்லச் சரிவதால், அந்த உபாயம் செல்லாது. ஆகவே நான்கு பக்கமும் மண்கரையை எழுப்பி, ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தோண்டிய ஏரியன்று இது, கட்டிய ஏரி. நீர்மட்டம் தெற்கே உள்ள வயல்களுக்கு மேலே நிற்பதால் பாசனத்துக்கு ஏற்றம் தேவையில்லை. இத்தகைய ஏரிகள் பாசனத்துக்கா, அரசனின் புகழுக்கும் தெய்வ வழிபாட்டுக்குமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். கரைமேல் நின்று பார்த்த எனக்கு அந்த வாதம் வீணாகத் தோன்றிற்று. இவ்வளவு மண்ணைச் சுமக்க வைத்த அரசனுக்கு இரண்டும் வேண்டியிருந்திருக்கும். நடுத்தீவிலிருந்த மேற்கு மெபோன் கோயிலில்தான் பள்ளிகொண்ட திருமாலின் வெண்கலச் சிலைப் பகுதி 1936இல் கிடைத்தது.

கிழக்குப் பகுதி தூர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மதிப்பீடு தயாரிக்கும் பழைய பழக்கம் தலைதூக்கி, எத்தனை கனமீட்டர் வண்டல் என்று கணக்கிடத் தொடங்கிவிட்டேன். கரையோரக் குடில்களில் உள்ளூர்க் குடும்பங்கள் ஏணைகளில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு மூதாட்டி கைகளை முகத்துக்கு நேரே உயர்த்திக் கும்பிட்டு, பக்கத்தில் இடம் காட்டினார். பேச ஒரு மொழியில்லாமலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் என் முழங்கால் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் முழங்காலையும் தட்டிக்காட்டினார்.

8 பிப்ரவரி, சனி

அனுமதியில் ஒரு நாள் மீதமிருக்கிறது. 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தே ஸ்ரீ கோயில், ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கோயில் சிறியது, ஏறவேண்டிய உயரம் இல்லை. நாளை வெயிலுக்கு முன்பே போய்விட்டு, திரும்பும் வழியில் இப்போது நெல்வயலாகிக் கிடக்கும் கிழக்கு பாராயின் கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் கோயிலில்லாத இடம்தானே என்று ஓட்டுநர் இம்முறை சிரித்துக்கொண்டே கேட்டார்.