முகாம் முடிந்த மறுவாரம்

நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உடல்நல முகாம் போடுவது அப்படியொன்றும் சிரமமான காரியமில்லை. காலையில் பெயர் கூப்பிடும் மஸ்டர் மைதானத்தில் ஒரு ஷாமியானா, நாலு மேசை, இரண்டு பி.பி. மெஷின், சுகர் பார்க்க ஒரு குளுக்கோமீட்டர், எடை மெஷின், கோவையிலிருந்து வரும் டாக்டர் குழு. மதியத்துக்குள் இருநூறு பேரைப் பார்த்துவிடலாம். ஆளுக்கொரு சீட்டு கையில் கிடைக்கும், நிர்வாகத்துக்கு நாலு போட்டோ கிடைக்கும். அந்த இருநூறு பேரில் பி.பி. 160/100 என்று சீட்டில் எழுதப்பட்ட பெண் அடுத்த திங்கட்கிழமை மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது. வேலையிடத்து ஆரோக்கியத் திட்டங்களின் நன்மை தீமை எல்லாமே இந்த மறுவாரத்தில்தான் இருக்கிறது.

மலைத் தோட்டங்களில் தொழிலாளர் நலம் புதிதாக வந்த விஷயமில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம், 150 பேர் இருந்தால் கேன்டீன், 300 பேர் இருந்தால் நல அலுவலர் என்று கணக்கும் வகுத்தது. இன்று ‘வெல்னெஸ்’ என்று வருகிற யோகா, ஆலோசனை, எடைக்குறைப்புப் போட்டி எல்லாம் இந்த அடித்தளத்துக்கு மேல் வைக்கப்படுபவை. கீழே தண்ணீரும் கழிப்பிடமும் ஒழுங்காக இருந்தால் இவை பயன் தரும். இல்லாவிட்டால் இவை அந்தக் குறையை மறைக்கும் திரையாகிவிடும்.

தொழிலாளியின் உடம்பில் நிர்வாகம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1971-இல் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டம் தொடங்கியது. கருத்தரிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் போடுவார்கள். அளவுக்கு மேல் குழந்தை பிறந்தால் அதில் வெட்டு விழும். அதே காலத்து விரிவான தொழிலாளர் நலத் திட்டத்தில் லைன் வீடுகளிலிருந்தே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்தே, ஆள் எடுத்து, ‘லிங்க் ஒர்க்கர்’ என்று பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளைக் கவனிக்க வைத்தார்கள். எனக்கு முதலாவது சரியாகப் படவில்லை. ஒரு பெண்ணின் கர்ப்பம் ஆபீஸ் பதிவேட்டில் ஏறக் கூடாது. இரண்டாவது இன்றைக்கும் மலையில் பலன் தரக்கூடிய முறை. பேசுகிறவர் தன் லைனைச் சேர்ந்தவர் என்றால் அவர் சொல் எடுபடும்.

முதலில் பரிசோதனையைப் பார்ப்போம். சமவெளியில் எழுதிய வழிமுறையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் எண்கள் பிசகும். பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்கு முன்பு டீயோ பீடியோ கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. முகாமில் நடப்பது வேறு. தேயிலைக் காட்டிலிருந்து மூச்சு வாங்க மேடேறி வந்து, பனியில் நனைந்த சேலையோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தவுடன் கைப்பட்டை ஏறிவிடும். குளிரே ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதில் ஸ்வெட்டர் ஒரு தனித் தொல்லை. கழற்றச் சங்கடப்பட்டு முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டால் அந்தச் சுருள் கையை இறுக்கும். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றினாலும் எண் சரியாக வராது. மெலிந்த கைகளுக்குச் சாதாரணப் பட்டை பெரிதாகிவிடும். அப்போது உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்துக் காட்டும். மறைப்பு கட்டிய ஒரு மூலை, அங்கே ஒரு பெண் செவிலியர், உட்கார நாலு நாற்காலி, சின்னப் பட்டை ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும். 140/90-க்கு மேல் வந்தால் இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் வேறொரு நாளில் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒரே நாள் எண்ணை வைத்துப் பயமுறுத்தி அனுப்புவது ஆளை மருத்துவத்திலிருந்தே விரட்டுகிற வேலை.

குளுக்கோமீட்டருக்கும் குளிர் ஆகாது. பல மெஷின்களின் அட்டையில் 10 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலை ஏழு மணிக்குத் திறந்தவெளியில் அது பிழை காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். விரலும் விறைத்திருக்கும். ரத்தம் வராமல் விரலைப் பிழியும்போது திசு நீரும் சேர்ந்து வந்துவிடும், சர்க்கரையும் ஹீமோகுளோபினும் தவறாகத் தெரியும். வெந்நீர் வாளி ஒன்று வைத்து, கையை நனைத்துத் துடைத்து, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வரும் தொழிற்சாலை ஆட்களைக் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிறுத்துவதும் தவறு. தூக்கம் கெட்ட உடம்பில் பி.பி.யும் சர்க்கரையும் ஏறித்தான் இருக்கும். அவர்கள் தூங்கி எழுந்த பிறகு, மாலையில் ஒரு தனி நேரம் ஒதுக்குங்கள்.

ரத்தசோகைதான் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பெரிய பிரச்சினை. இதில் உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்கு) 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது கடல் மட்டத்துக்கான அளவு. உயரம் கூடக் கூட உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் வைத்திருந்த பட்டியலில் 2000 மீட்டருக்கு அந்த 12-உடன் 0.8 கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல் இதை இன்னும் உயர்த்தியிருக்கிறது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே ஒரு பெண்ணுக்கு 12.4 வந்தால் சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அந்தப் பெண் சொன்னது சீட்டில் ஏறாது. கூடலூர்ப் பக்கம் உயரம் பாதிதான், அங்கே திருத்தமும் குறைவு. ஆனால் அங்கே வேறு கவனம் வேண்டும். பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிற வட்டாரம் அது. அந்தப் பரிசோதனையைச் செய்யாமல், சோகை என்ற ஒரே காரணத்துக்காக இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மாத்திரை கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதைப் பிளேன்டீயோடு விழுங்கினால் டீயில் உள்ள டானின் பாதி வேலையைக் கெடுத்துவிடும். தோட்டத்தில் பத்து மணிக்கு டீ, மதியச் சாப்பாட்டோடு டீ, மூன்று மணிக்கு டீ என்று ஓடும் நாளில் மாத்திரைக்கு இடமே கிடையாது. இரவுச் சாப்பாடு முடிந்து, டீ குடிக்காமல், படுக்கப்போகும் முன் போட்டுக்கொள்வதுதான் நடைமுறையில் சரிப்படுகிறது. கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால் நல்லது. மலம் கறுத்துப் போகும், முதல் வாரம் குமட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரை பரணுக்குப் போய்விடும். ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் அதே மாத்திரையை நீட்டிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

யோகாவுக்கு வருவோம். மஸ்டருக்கு முன்னால் காலை ஏழு மணிக்கு அரை மணி நேர யோகா என்று அறிவிப்பது ஆபீஸில் உட்கார்ந்து யோசித்த திட்டம். நாலரைக்கு எழுந்து, சோறு பொங்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? தரை பனியில் நனைந்திருக்கும், தசை விறைத்திருக்கும். அதோடு, நாள் முழுக்கச் செடிமேல் குனிந்து நிற்கிற முதுகை மேலும் குனிய வைக்கும் ஆசனங்களையே சொல்லிக் கொடுக்கிறார்கள். கொழுந்து பறிப்பவருக்கு வேண்டியது நேர் எதிர். இடுப்பின் பின்பக்கம் இரு கைகளையும் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்வது ஐந்து தடவை. தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சை விரிப்பது ஐந்து தடவை. சரிவில் குதிகாலைப் பதித்துக் கெண்டைக்காலை நீட்டுவது பக்கத்துக்கு இருபது வினாடி. கத்தரியில் பறிப்பவர்கள் என்றால் மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கி நீட்டுவது. எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம் ஆகாது. காலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் உடம்பு சூடாக இருக்கிறபோது, சம்பள நேரத்துக்குள், மேஸ்திரியும் சேர்ந்து செய்தால் நிலைக்கும். வேலை நேரத்துக்கு வெளியே வைத்த எந்தப் பயிற்சியும் இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

பயிற்சியைவிட முழங்காலைக் காப்பாற்றுவது எடை போடும் இடம். நனைந்த கொழுந்து 25, 30 கிலோ தலையில் ஏற, வழுக்கும் படியில் இறங்குகிறார்கள். இடையில் இன்னொரு எடை மேடை போட்டு, டிராக்டர் வரும் வழியைக் கொஞ்சம் நீட்டினால் அந்த நடை பாதியாகும். இதை எந்த வெல்னெஸ் திட்டத்திலும் எழுதுவதில்லை. தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது. தெரிந்தாலும் குடிக்க மாட்டார்கள், ஒதுங்க இடமில்லை. புதர் ஓரம் போனால் அட்டை, காட்டெருமை, கூடலூர் பந்தலூர்ப் பக்கம் யானை, எல்லாவற்றுக்கும் மேலே கூச்சம். காலையிலிருந்து மாலை வரை அடக்கிவைத்துச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வந்து நிற்கும். ‘தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டுவதற்கு முன் காட்டுக்குள் ஒரு கழிப்பிடம் வேண்டும். பறிப்புச் சுற்று மாறும்போது கூடவே நகர்த்தக்கூடிய தகர அறை, அருகில் இருநூறு லிட்டர் தண்ணீர் டிரம், அதை நிரப்புகிற ஆளின் பெயர். அந்தப் பெயர் எழுதப்படாவிட்டால் டிரம் இரண்டே வாரத்தில் காலியாகத்தான் கிடக்கும்.

போஸ்டர்களில் இன்னொரு கோளாறு. ஆபீஸ், தொழிற்சாலை ஆட்களுக்கு எடை கூடுவது பிரச்சினை. காட்டு வேலையில் எடை குறைவதே பிரச்சினை. 42 கிலோ பெண்ணிடம் சோற்றைக் குறை என்று சொல்லும் போஸ்டர் தீங்கு செய்கிறது. எடைக்குறைப்புப் போட்டியையும் பரிசையும் நான் எந்தத் தோட்டத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்காவில் இத்திட்டங்களை, யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் கொண்டு செய்த ஆய்வும், ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 பேரைக் கொண்டு செய்த ஆய்வும் 2019-இல் வெளியாயின. இரண்டாவதில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, லீவு, மருத்துவச் செலவு எதுவும் குறிப்பிடும்படி மாறவில்லை. முதலாவது ஆய்வு காட்டியது இன்னும் முக்கியம்: தானாக முன்வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். இங்கும் முகாம் வரிசையில் முதலில் நிற்பவர்கள் நன்றாக இருப்பவர்களே. குடிப்பழக்கம் உள்ளவர், மூச்சு முட்டுகிறவர், நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற தற்காலிக ஆள், இவர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. முடிவுகள் மானேஜர் மேசைக்குப் போகிற இடத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எத்தனை பேருக்குப் பி.பி., எத்தனை பேருக்குச் சோகை என்ற தொகை மட்டும் நிர்வாகத்துக்குப் போகட்டும். பெயர் செவிலியரிடம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மனநல ஆலோசனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். லைனில் எல்லோரும் மாமன் மச்சான் உறவு. தோட்டத்து ஆபீஸ் பக்கத்து அறையில் ஆலோசகரை உட்கார வைத்தால் உள்ளே போகிறவரை ஊரே பார்க்கும். அதற்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை) எண்ணைச் சொல்லிக் கொடுத்து, எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வது மேல். ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் நோட்டீஸ் உதவாது. அவர்களில் ஒருவரையே லிங்க் ஒர்க்கராக்க வேண்டும்.

இனி அந்த மறுவாரம். டவுனுக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ் இருக்கிற தோட்டப் பிரிவில் ‘அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்’ என்று எழுதிய சீட்டின் விலை ஒரு நாள் சம்பளம். அதனால் திட்டம் தீட்டும்போதே, சீட்டு கிடைத்தவர்களுக்கு அரை நாள் சம்பளத்தோடு போய்வர, வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோலில் தனிக் குறியீடு போடச் சொல்லுங்கள். காரணம் எழுத வேண்டாம். தோட்டத்து வண்டி வாரத்தில் ஒரு நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பி.பி. பார்க்கும் நாளன்று, பத்துப் பத்துப் பேராக ஏற்றிப் போகட்டும். மாத்திரை தொடங்கியதும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரின் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. ஆனால் அவர் வருகிற பதினொரு மணிக்கு லைனில் யாரும் இருப்பதில்லை. மாலை ஐந்துக்கு மேல் வரச் சொல்லிப் பேசிவையுங்கள், அல்லது மாத்திரையைப் பிள்ளைக் காப்பகத்து ஆயாவிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். செவிலியரின் நோட்டில் முகாம் தேதிக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் வேண்டும்: இரண்டாம் பி.பி., மாத்திரை தொடங்கிய நாள், மூன்றாம் மாத எண். அடுத்த முகாமுக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அந்த நோட்டைக் கேளுங்கள்.