அணுமின் நிலையத்து லெஃப்ட் பேக்

ஜப்பான் பெண்கள் 2011-ல் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்த கதையை யார் சொன்னாலும் கேப்டன் ஹொமாரே சவாவில்தான் தொடங்குவார்கள். எனக்கு அயா சமேஷிமா. காரணம் அற்பமானது: அவரைப் போல நானும் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் நின்று தடுக்கிற ஆள். கன்னியாகுமரி பக்கம் எங்கள் கீழமணக்குடியில் பையன்களுக்கு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிட்டு இடது ஓரத்தில் நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் கடல். பந்து அலைக்குள் போனால் இறங்கி எடுப்பதும் லெஃப்ட் பேக்கின் வேலைதான்.

ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த இறுதிப் போட்டி நமக்கு ஜூலை 18, நள்ளிரவு தாண்டிக் கால் மணிக்குத் தொடங்கியது. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். அமெரிக்கா இரண்டு முறை முந்தியது. 117-வது நிமிடம் சவா அடித்து 2-2. கடைசி நொடிகளில் அலெக்ஸ் மோர்கனை மறித்து விழவைத்த இவாஷிமிஸுவுக்குச் சிவப்பு அட்டை. ஒரு பேக்காக அந்த ஃபவுலுக்கு நான் கைதட்டினேன், பாவமாகவும் இருந்தது. அப்புறம் பெனால்டி 3-1. ஜெயிக்கவைத்த கடைசி அடி இருபது வயது சகி குமகாய் அடித்தது, அவரும் டிஃபன்ஸ்தான். சமேஷிமா பெனால்டி அடிக்கவே இல்லை. இடது ஓரத்தில் ஏறி இறங்கி ஓடியதோடு சரி.

அவரைப் பற்றி மறுநாள்தான் படித்தேன். அவருடைய கிளப் டெப்கோ மரீஸ், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய மின் கம்பெனியின் அணி. மரைனையும் ப்ரீஸையும் ஒட்டி வைத்த பெயராம். நம்ம கரையில் கொண்டல், கச்சான் என்று பெயர் வைத்த மாதிரி. அதில் ஆடிய பெண்கள் கம்பெனியில் வேலையும் பார்த்தார்கள், சமேஷிமா வேலை பார்த்தது ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலேயே. அந்த வருடம் மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு அணி நிறுத்தப்பட்டது. அவர்களுடைய மைதானமான ஜே-வில்லேஜ், சேதமான அணு உலையைச் சமாளிக்கப் போன தொழிலாளர்களின் முகாமானது. பந்து ஓடிய புல்லின் மேல் வண்டிகள் நின்றன.

படித்ததும் எனக்கு மணக்குடிப் பாலம் ஞாபகம் வந்தது. 2004, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு மணக்குடியையும் சேர்த்த பாலத்தை அலை பெயர்த்துக்கொண்டு போனது. எங்களோடு ஆடியதில் பாதிப் பேர் மேலமணக்குடிப் பையன்கள். பாலம் போனபின் அவர்கள் வரவில்லை. பாலம் இருந்திருந்தாலும் சிலரால் வந்திருக்க முடியாது. மாதக்கணக்கில் யாரும் பந்தைத் தொடவில்லை. பந்து கழுவிக் காய்ந்து எங்கள் திண்ணையில் கிடந்தது, காற்று இறங்கி ஒரு பக்கம் சப்பி.

சமேஷிமா 2011-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் கிளப்புக்குப் போனார், உலகக் கோப்பை முடிந்து பிரான்சில் மோன்பெலியே கிளப். மரீஸின் ஆட்டக்காரர்களை வைத்து 2012-ல் ஜப்பானின் சென்டாயில் வேகால்டா லேடீஸ் என்ற அணி தொடங்கியபோது நாடு திரும்பி அதில் சேர்ந்தார். சென்டாயும் சுனாமி அடித்த ஊர்தான். லண்டன் ஒலிம்பிக் வெள்ளி, 2018 ஆசியக் கோப்பை, 2019-ல் மறுபடி உலகக் கோப்பை என்று நூறு ஆட்டத்துக்கு மேல் நாட்டுக்காக ஆடினார். விவரங்களைத் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒட்டிக்கொண்டது, 2011-ல் அவரைப் பற்றிப் படித்த அன்று காலை அப்பா கேட்ட கேள்வி. கூடங்குளம் பேச்சு எங்கள் கரையெல்லாம் சூடாக இருந்த வருடம் அது. வலையைப் பிரித்துப் போட்டபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

“கூடங்குளம் மாதிரி எடத்துலயா வேல பாத்துது அந்தப் பிள்ள?”

“ஆமாப்பா.”

“அப்பம் இப்ப அதுக்குச் சம்பளம் ஆரு குடுக்கா மக்களே?”

கோப்பை ஜெயித்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் சென்டாய் செய்தியைப் படித்ததும் முதலில் அப்பாவிடம்தான் போய்ச் சொன்னேன். அவருக்கு யாரென்றே ஞாபகமில்லை.