பிடியரிசி

2022ஆம் ஆண்டு மட்டக்களப்பில் எரிபொருள் வரிசையும் பால்மாத் தட்டுப்பாடுமாய் இருந்த நாட்களில் நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் ஒருநாள் கூடியது. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. சேர்த்து வைத்த காசை வாசல் வளைவு கட்டக் கொடுப்பதா, காலைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதா என்று பேச்சு நீண்டது. நான் எழும்பி ஒரேயொரு சொல் சொன்னேன்: "பிடியரிசி." எழுபதுகளில் படித்தவர்கள் எல்லாரும் அந்த நிமிடமே கையை உயர்த்தினார்கள். காசு சாப்பாட்டுக்குப் போனது. பின்னால் படித்த தம்பி தங்கைகள் மட்டும் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1975இல் முதலாம் வகுப்புக்குச் சேர்ந்தேன். வாவிக்கரைப் பக்கம் ஓட்டுக் கூரையும் அரைச் சுவருமாய் ஒரு நீளக் கட்டடம், அதற்குள் ஐந்து வகுப்புகள். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு முடிய அவர்கள் புனித மிக்கேல் கல்லூரிக்கும் நாங்கள் புனித சிசிலியாவுக்கும் பிரிந்து போனோம். எனக்கு ஒரு பக்கத்தில் கத்தோலிக்கப் பிள்ளை. மறுபக்கத்தில் பறங்கிப் பிள்ளை. அவள் தகப்பன் தச்சு வேலை, அவள் அம்மம்மா வீட்டில் பேசுவது போர்த்துக்கேயம். நடுவில் நான், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு ஆடியமாவாசைக்குத் தவறாமல் போகும் வீட்டுச் சைவப் பிள்ளை.

என்னை அங்கே சேர்க்க வேண்டாம் என்று மாமா சொன்னவர். சிஸ்டர்மாரிடம் விட்டால் பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விடும் என்பது அவர் பயம். நடந்தது என்னவென்றால், ஒருநாள் விடிய எழும்பப் பிந்தி, முகம் கழுவி, திருநீறு பூசாமல் ஓடிப் போய்விட்டேன். வாசலில் நின்ற சிஸ்டர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"என்ன மகள், இண்டைக்கு நெத்தி வெறுமையாக் கிடக்கு? சாமி கும்பிடாமலா வந்த நீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் அம்மாவிடம் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா அண்ணன், சிஸ்டர் என்ன கேட்டாவெண்டு?" என்றா. அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கதை எழவில்லை.

சமய பாடத்துக்கு மணி அடித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்க உள்ளே இருப்பார்கள். நாங்கள் சைவநெறி ஆசிரியையோடு வேப்பமரத்தடிக்குப் போவோம். வாணி விழாவுக்கு எங்களுக்கு மேசைவிரிப்பும் பூச்சாடியும் தந்தது சிஸ்டர்தான். நடுப்பகல் கத்தோலிக்கக் கோயில் மணி அடித்ததும் எழுதிக்கொண்டிருந்த பென்சிலை அப்படியே வைத்துவிட்டு முழுப் பள்ளிக்கூடமும் எழும்பி நிற்கும். அவர்கள் மூவேளைச் செபம் சொல்வார்கள். நாங்கள் கைகூப்பி நிற்போம். வாய் திறந்து சொல்லும்படி எங்களை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகிவிட்டது, அது வேறு. அந்த இரண்டு மூன்று நிமிடம் ஒரு பிள்ளைகூட அசையாது. ஐந்து வயதில் நான் அறிந்த முதல் அமைதி அதுதான்.

இதில் ஒன்றை நம் நினைவு மலர்களில் யாரும் எழுதுவதில்லை. அப்போது அது அரசாங்கப் பள்ளிக்கூடம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. சில மட்டும் கட்டணம் வாங்காமல் தனியாராகவே நடத்துகிறோம் என்று விலகி நின்றன. பிரெஞ்சு இயேசுசபைக் குருமார் 1895இல் கிழக்குக்கு வந்த காலந்தொட்டு ஊரூராய் எழும்பிய சின்னப் பள்ளிகளில் அநேகம் கைமாறின. எங்கள் சிஸ்டருக்குச் சம்பளம் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்தது. ஆனாலும் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுப் படலையில் நிற்பார். அப்படிச் செய் என்று எந்தச் சுற்றறிக்கையும் அவருக்குச் சொல்லியிருக்காது. நல்ல பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கும் என்னிடம் உள்ள அளவுகோல் அந்தக் குடைதான்.

பிடியரிசிக்கு வருகிறேன். அம்மா உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாய்ப் போட்டு வைப்பா. வெள்ளிக்கிழமை அதில் ஒள்ளுப்பம் கடதாசியில் சுற்றித் தருவா. அது கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசிக் காலம். ஒரு பிடி என்பது லேசான விஷயம் இல்லை. வகுப்பு வகுப்பாய் ஓலைப்பெட்டி ஒன்று வரும். ஒவ்வொருவராய் எழும்பிப் பெட்டிக்குள் கையை விட்டு அரிசியை விடவேண்டும். மேலிருந்து கொட்டக்கூடாது. யார் எவ்வளவு கொண்டு வந்தது என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சேர்ந்த அரிசி சிஸ்டரின் அறையில் பெரிய தகரப் பேணிக்குள் போகும். பள்ளி விட்ட பிறகு அதில் அளந்து எடுத்து, பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராய்க் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், கொடுத்த வீட்டைப் பற்றி வெளியில் வாய் திறக்கக்கூடாது.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் தோழியையும் அனுப்பினார்கள். சொன்ன வீடு எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. கதவைத் திறந்ததும் அவள்தான். அன்று காலைதான் அவளும் என் முன்னால் எழும்பிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டிருந்தாள். நான் பார்த்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாறீங்களா, கொக்கான் வெட்டுவம்" என்றாள். போனோம், விளையாடினோம். எங்கள் மூன்று பேருக்கிடையில் இன்று வரைக்கும் அந்தப் பேச்சு வந்ததில்லை. அவள் இதை வாசிப்பாள் என்று தெரியும். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோதுதான் சூறாவளி. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு. அதன் சத்தத்தை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓடுகள் ஒவ்வொன்றாய்ப் பறக்க, அப்பா எங்களைச் சாக்கால் மூடிக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சைவரும் வேதக்காரரும் பறங்கியரும் நனைந்த துணியோடு ஒண்டிக் கிடந்தோம். ஒரு மூலையில் செபமாலை, இன்னொரு மூலையில் என் அம்மா தேவாரம். சிஸ்டர் இரண்டு பக்கமும் விளக்கைக் கொண்டு நடந்தார். விடிந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தலையில்லாத தென்னைகள். பள்ளிக்கூடத்துக்கு அரைச் சுவர்தான் மிச்சம்.

சிஸ்டரின் அறையில் இருந்த தகரப் பேணிக்குள் அரிசி நனையாமல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்து நடுவில் வைத்தார். என் பறங்கித் தோழியின் தகப்பன் உடைந்த வாங்குகளைப் பிளந்து விறகாக்கினார். விழுந்து கிடந்த தேங்காய்க்குக் குறைவில்லை. கிடாரத்தில் பால்கஞ்சி வெந்தது. சிரட்டையில் ஊற்றித் தந்தபோது சிஸ்டர் எங்களைப் பார்த்து, "இது உங்கட அரிசி, பிள்ளையள்" என்றார். ஒருநாளும் யாருடைய அரிசி என்று சொல்லாதவர் அன்றைக்கு மட்டும் சொன்னார்.

கிழிந்த படங்கின் கீழ் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, வழமைபோல ஓலைப்பெட்டி வந்தது. யார் வீட்டிலும் அரிசி இல்லை. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிஸ்டர் பெட்டியை முதல் வாங்கில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். முன்னால் இருந்த சின்னப் பையன் எழும்பி, வெறும் கையைப் பொத்திக்கொண்டு வந்து, பெட்டிக்குள் விட்டு விரித்துவிட்டுப் போனான். பிறகு நாங்கள் எல்லாரும் ஒவ்வொருவராய் எழும்பினோம்.