மூணு வயசுக் குதிரையை எங்கப்பா பாக்கற விதம்

ஏப்ரல் வந்தாச்சு. ஊட்டில எங்க காந்தள் பக்கம் ராத்திரி குளிர் கொஞ்சம் விட்டிருக்கு, சாயங்காலம் ஆனா கோடை மழை ஒரு அடி அடிச்சுட்டுப் போகுது, எங்க வீட்டுல அப்பாவும் நானும் வழக்கம்போல ஃபோனை டம்ளர்ல சாய்ச்சு வெச்சுக்கிட்டு அமெரிக்கா குதிரை ரேஸ் பாத்துக்கிட்டு இருக்கோம். மே மாசம் முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி. அங்க சாயங்காலம், நமக்கு ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலரை மணி. அதுக்கு முன்னாடி எந்தக் குதிரை தேறும்னு பாக்கறதுதான் இந்த ஒரு மாசமும் எங்க வேலை.

பக்கத்து வீட்டுத் தம்பி போட் ஹவுஸ்ல சவாரிக் குதிரை வெச்சிருக்கான், அவன் நேத்து வந்து "அண்ணே, ஒரு பேரு சொல்லுங்கண்ணே போதும்"னான். பேரு சொல்றதுக்கு இல்ல இந்தப் பதிவு. நான் பணம் கட்டறதில்ல, அப்பாவும் கட்டினதில்ல. எப்படிப் பாக்கறோம்னு மட்டும் எழுதறேன், ஏன்னா அப்பாவுக்கு இப்ப எழுபத்தி நாலு வயசு, அவர் சொல்றதை நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதி வெக்கல.

அப்பா ஊட்டி ரேஸ்கோர்ஸ்ல குதிரை பாத்துக்கற வேலை பாத்தவர், அங்க அவங்களை சைஸ்னு சொல்லுவாங்க. அப்பல்லாம் சித்திரை பொறந்தா மெட்ராஸ்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் குதிரைங்க லாரியில மலை ஏறும், ரெண்டு மாசம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே ஓட்டம் நடக்கும், நீலகிரி டெர்பி அன்னிக்கி சேரிங் கிராஸ் வரைக்கும் வண்டி நகராது. 2024-ல குத்தகை பாக்கி வழக்குல அரசாங்கம் அந்த 52 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கிச்சு. அதோட சரி தப்பு பத்தி நான் இங்க பேசல. அப்பா இப்பவும் மார்க்கெட் போகும்போது அந்த வேலிகிட்ட ஒரு நிமிஷம் நிப்பாரு, அவ்வளவுதான்.

சரி விஷயத்துக்கு வரேன். கென்டக்கி டெர்பி மூணு வயசுக் குதிரைங்களுக்கு மட்டும். 20 குதிரை வரைக்கும் ஓடும், தூரம் ஒண்ணேகால் மைல், சுமாரா 2000 மீட்டர். அதுக்குத் தகுதியாக மார்ச் கடைசியிலயும் ஏப்ரல் முதல் பாதியிலயும் ஃப்ளோரிடா டெர்பி, சான்டா அனிடா டெர்பி, உட் மெமோரியல், புளூ கிராஸ்னு பெரிய ரேஸ் எல்லாம் நடக்கும், 2013-ல இருந்து பாயின்ட் கணக்கு வெச்சுதான் எடுக்கறாங்க. இந்த ரேஸ் எல்லாமே சுமாரா 1800 மீட்டர்தான். அதாவது ஒரு பர்லாங் குறைச்சல். அந்தக் கடைசி 200 மீட்டரை இந்தக் குட்டிங்க பெரும்பாலும் வாழ்க்கையில ஓடிப் பாத்ததே இல்ல, அதனால நாம பாக்கற வீடியோ எதுலயும் அந்த 200 மீட்டர் கிடையாது, அதை நாமதான் ஊகிக்கணும், இளங்குதிரையைக் கணிக்கறதோட கஷ்டமே இங்கதான் இருக்கு.

இதுக்கு அப்பா ஒரு வார்த்தை வெச்சிருக்காரு, "இது இன்னும் தூரம் கேக்குது." எட்டு லெங்த்ல (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) ஜெயிச்ச குதிரையைப் பாத்து அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ரெண்டாவது மூணாவது வந்த ஏதோ ஒண்ணைப் பாத்துட்டு சொல்லுவாரு. 2025-ல ஃப்ளோரிடா டெர்பில டப்பன் ஸ்ட்ரீட்ங்கற குதிரை ஜெயிச்சுது, சாவரின்டி ரெண்டாவது. நான் அப்ப ஜர்னலிஸம்ங்கற குதிரை மேல உசுரா இருந்தேன், சான்டா அனிடாவுல ஜெயிச்சிருந்துச்சு, எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அப்பா ஃப்ளோரிடா ரேஸைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாத்துட்டு, தோத்த குதிரையைக் காட்டி "இது இன்னும் தூரம் கேக்குதுடா"ன்னாரு. டெர்பி அன்னிக்கி மழை, ஒரே சேறு, கடைசி நேர் ஓட்டத்துல சாவரின்டியும் ஜர்னலிஸமும் ஒண்ணையொண்ணு விடாம வந்துச்சு, அந்தக் கடைசி பர்லாங்குலதான் சாவரின்டி விலகி முன்னால போச்சு, ஒன்றரை லெங்த். நான் அப்பா முகத்தைப் பாத்தேன், அவர் ஸ்கிரீன்லயே இருந்தாரு.

எதை வெச்சு அப்படிச் சொல்றாருன்னு பல நாள் கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது இது. முதல்ல காலைப் பாக்கறாரு. நாலு கால் பாய்ச்சல்ல குதிரைக்கு ஒரு முன்னங்கால்தான் எப்பவும் கொஞ்சம் முந்தி விழும். அமெரிக்காவுல இடப்பக்கமா சுத்தி ஓடறாங்க, அதனால வளைவுல இடது கால் முந்தணும், நேர் பாதைக்கு வந்ததும் வலதுக்கு மாத்தணும். மூட்டை தூக்கறவங்க தோள் மாத்திக்கற மாதிரிதான், மாத்தினா புதுத் தெம்பு வரும். அனுபவம் இல்லாத குட்டி சில சமயம் மாத்தாமலே கடைசி வரைக்கும் ஓடிடும், மாத்தாம ஓடியும் ரெண்டாவது வந்துச்சுன்னா அப்பா நிமிந்து உக்காருவாரு, ஏன்னா அது கத்துக்கற விஷயம், கத்துக்கிட்டா இன்னும் வேகம் வரும். ஜாக்கி குச்சி எடுத்தப்ப மாத்தி, திரும்பவும் பழைய காலுக்கே வந்துச்சுன்னா அதுக்கு அசதி, இல்ல எங்கயோ வலி.

அப்புறம் மூச்சு. குதிரைக்கு மூக்கு வழியா மட்டும்தான் மூச்சு, வாயால விட முடியாது. பாய்ஞ்சு ஓடும்போது ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு, காலும் நுரையீரலும் ஒரே தாளத்துல கட்டிப் போட்டிருக்கும். அதனால எட்டு நீளமா வெக்கற குதிரைக்கு மூச்சும் நிதானமா இருக்கும், சின்னச் சின்ன எட்டா அடிச்சு வேகம் காட்டற குதிரை 1200 மீட்டர்ல அசத்தும், 2000-ல தவிக்கும். ரேஸ் முடிஞ்சு வேகம் குறையும்போது விலாவைப் பாருன்னு அப்பா சொல்லுவாரு, எவ்வளவு சீக்கிரம் அந்தப் படபடப்பு அடங்குதுன்னு. ஆனா அந்த நேரத்துல கேமரா ஜாக்கி மூஞ்சிக்குப் போயிடும். அதுல அவருக்கு வருஷா வருஷம் கோவம்.

நான் பாக்கறது கடிகாரம். அப்பாவுக்கு அதுல நம்பிக்கை கம்மி, ஆனா செக்ரட்டேரியட்ங்கற குதிரையோட கதையை நான் சொன்ன அன்னிக்கி மட்டும் மூணு தடவை கேட்டாரு. 1973 டெர்பி, அந்த ஒண்ணேகால் மைலை அஞ்சு கால் மைலாப் பிரிச்சா முதல் கால் 25.2 செகண்ட், அடுத்தது 24, அப்புறம் 23.8, 23.4, கடைசி 23. பெரும்பாலும் குதிரைங்க போகப் போக வேகம் குறையும், இது போகப் போகக் கூட்டியிருக்கு. மொத்தம் 1 நிமிஷம் 59.4 செகண்ட், இன்னிக்கி வரைக்கும் அந்த ரெக்கார்டு நிக்குது. அதே குதிரை ரெண்டு வாரம் முன்னாடி உட் மெமோரியல்ல மூணாவதுதான் வந்துச்சுன்னு சொன்னேன். ஏன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அப்பா கேட்டாரு, "வாயைத் தொறந்து பாத்தாங்களா?" மேலுதட்டுக்குள்ள கட்டி இருந்திருக்கு, கடிவாளம் பிடிச்சா வலிச்சிருக்கு. கென்டக்கி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது, அந்தக் குதிரையை இவர் பாத்ததும் இல்ல. நான் அன்னிக்கி ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல.

கடிகாரத்தை நம்பறவங்க கவனிக்க வேண்டிய இன்னொண்ணு 2022 டெர்பி. முதல் கால் மைல் 21.78 செகண்ட், அந்த ரேஸ் வரலாறுலயே அவ்வளவு வேகமான ஆரம்பம் கிடையாது. முன்னால போனதுங்க எல்லாம் கடைசியில கரைஞ்சு போச்சு, பின்னால கிடந்த ரிச் ஸ்ட்ரைக்ங்கற குதிரை உள்பக்க வேலியோரமா பூந்து வந்து எபிசென்டர்ங்கற குதிரையைத் தாண்டிருச்சு. 80-க்கு 1 விலை, அதாவது ஒரு டாலர் கட்டினவங்களுக்கு எண்பது டாலர் லாபம். அதுக்கு முந்தின நாள் காலையில வேற ஒரு குதிரை விலகினதாலதான் அதுக்கு இடமே கிடைச்சுது. அதுக்கு முன்னாடி யாரோ 30,000 டாலருக்கு விட்டுக்கொடுத்த குதிரை. இதைக் கணிக்க முடியுமான்னு கேட்டா, அந்தக் குதிரையை யாராலயும் முடியாது, ஆனா முன்னால ஓடியே பழகின குதிரைங்க ஒரே ரேஸ்ல நாலஞ்சு சேந்துருச்சுன்னா பின்னால இருந்து வர்றதுக்கு வழி திறக்கும், இதைக் கணிக்க முடியும். அதனால இப்பல்லாம் நான் தனித்தனியா குதிரையைப் பாக்கறதை விட யாரோட யாரு ஓடறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வரேன்.

உடம்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதுலதான் எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கும். வடக்கு உலகத்துல பொறந்த ரேஸ் குதிரை எல்லாத்துக்கும் ஜனவரி 1 தான் பொறந்தநாள்னு கணக்கு. பிப்ரவரில பொறந்ததும் மே கடைசில பொறந்ததும் ஒரே வயசு. அந்த வயசுல மூணு மாசம்ங்கறது பெரிய விஷயம், மூணாங்கிளாஸ் பையனையும் அஞ்சாங்கிளாஸ் பையனையும் ஒண்ணா ஓடவிட்ட மாதிரி. நார்தர்ன் டான்சர் 1961 மே 27-ல பொறந்துச்சு, 1964 டெர்பியை ஜெயிக்கும்போது நிஜத்துல அதுக்கு மூணு வயசு முடியல. குள்ளக் குதிரைன்னு 25,000 டாலருக்குக்கூட யாரும் வாங்காம விட்டது. சரியா ரெண்டு நிமிஷத்துல ஓடிருச்சு. இன்னிக்கி உலகத்துல பாதி நல்ல குதிரைங்களோட வம்சத்துல அதோட பேரு இருக்கும். அதனால உயரத்தையும் தளதளப்பையும் பாத்து ஏமாறாதன்னு அப்பா சொல்லுவாரு, முன்னங்காலுக்கு நடுவுல நெஞ்சு எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு, பின்னந்தொடை நடக்கும்போது எப்படித் தள்ளுது, தலையை ஆட்டி ஆட்டி நடக்குதா இல்ல அமைதியா நடக்குதா, அவ்வளவுதான் பாப்பாரு. ரேஸுக்கு முன்னாடியே வேர்த்து நுரை தள்ளற குட்டியை உடனே ஒதுக்கிடுவாரு, 1,50,000 பேர் கத்தற எடத்துல அது நிக்காது.

ஆனா எலும்பு? முழங்கால் எலும்போட வளரும் பகுதி மூடவே ரெண்டு ரெண்டரை வயசு ஆகும், முதுகெலும்புல அஞ்சு வயசு தாண்டியும் வளர்ச்சி இருக்கும். அந்த உடம்பு மேல 57 கிலோ ஏத்தி ஓடவிடறோம். ரேஸ் முடிஞ்ச ராத்திரி தீனித்தொட்டி காலியாச்சான்னுதான் அப்பா முதல்ல பாப்பாராம், கொள்ளு அப்படியே இருந்தா டிரெய்னரை எழுப்பிடுவாராம். அப்புறம் விடியறதுக்குள்ள முன்னங்கால் நரம்பு மேல உள்ளங்கையை வெச்சு சூடு பாப்பாராம். வெளில ஊட்டிக் குளிரு, அதனால ஒரு துளி சூடு இருந்தாலும் கைக்குத் தெரிஞ்சிடும்பாரு. அமெரிக்காவுல இருக்கற குட்டிக்கு ஃபோன்ல எப்படிக் கை வெச்சுப் பாக்கறது? அதனால நான் அடுத்தடுத்த ரேஸுக்கு எத்தனை வாரம் இடைவெளின்னு பாக்கறேன். அஞ்சு வாரம் ஓய்வு கொடுத்த குதிரையை எனக்குப் பிடிக்கும். சாவரின்டி டெர்பி ஜெயிச்சும் ரெண்டே வாரத்துல வர்ற பிரீக்னஸுக்கு அனுப்பல, டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூணு ரேஸையும் ஜெயிச்சா கிடைக்கற மூணு கிரீடப் பட்டத்தோட வாய்ப்பையே விட்டாங்க. நிறைய பேர் திட்டினாங்க. ஜர்னலிஸம் போய் அதை ஜெயிச்சுது. ஜூன்ல பெல்மான்ட்ல திரும்ப ரெண்டும் மோதினப்ப சாவரின்டிதான் முதல்ல. அந்த டிரெய்னரை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

2008 டெர்பி வீடியோவை அப்பாவுக்கு நான் காட்டியிருக்கக் கூடாது. எய்ட் பெல்ஸ், பொட்டைக்குட்டி, 19 ஆம்பளைக் குதிரைங்களோட ஓடி ரெண்டாவது வந்துச்சு. கோட்டைத் தாண்டி வேகம் குறையற நேரத்துல ரெண்டு முன்னங்காலும் ஒடிஞ்சு விழுந்துருச்சு, அங்கேயே ஊசி போட்டு முடிச்சுட்டாங்க. அன்னில இருந்து அப்பா ரேஸ் முடிஞ்சதும் ஃபோனை என் கைல தர மாட்டாரு. யார் ஜெயிச்சா, என்ன டைம், எதுவும் அப்ப காதுல விழாது. எத்தனை ஓடுச்சு, எத்தனை நடந்து திரும்பி வந்துச்சுன்னு எண்ணுவாரு.

2025-ல ரெண்டு விலகி, அதுல ஒண்ணோட இடத்துக்கு மட்டும் வேற குதிரை வந்து, 19 தான் ஓடுச்சு. சேத்துல குதிரை கலரும் தெரியல, ஜாக்கி சட்டை கலரும் தெரியல, டிவிக்காரங்க ஜெயிச்சதையே காட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்பா பின்னாடி ஓரமா தெரியறதை எண்ணினாரு, பதினேழு வரைக்கும் வந்துச்சு, மறுபடி முதல்ல இருந்து எண்ணினாரு. நான் அடுப்புல டீ வெச்சுட்டு அமெரிக்கா செய்தி ஒவ்வொண்ணா தொறந்து பாத்துட்டு வந்து, "எல்லாம் வந்துருச்சுப்பா, பத்தொம்பதும்"னேன். அப்புறம்தான் வர்க்கியை எடுத்து டீல தொட்டாரு.