எங்கட தவணைக்குள்ள ஒரு மாயக்கதை வேணும்

பள்ளிக்கூடத்துக்குள்ள மாயம் நடக்கிற நாவல்கள் எனக்கு இந்த வயசிலயும் அலுக்கல்ல. தங்கச்சிட மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறா, அவவோட சேர்ந்து ஹரி பொட்டர் திரும்ப வாசிச்சிட்டு வாறன், இந்த முறை மந்திரத்த விட அதுல வாற டைம்டேபிள்தான் என்னைப் பிடிச்சி வெச்சிருக்கு. செப்டம்பர் முதலாம் திகதி கோச்சி ஏறுறாங்க, நத்தார் லீவு வருது, ஜூன்ல எக்ஸாம், மறுகா வீடு. 1997ல வந்த முதல் புத்தகத்துல கடைசி எக்ஸாம் எழுதி முடிச்ச அண்டு ராவுதான் ஹரியும் ரெண்டு கூட்டாளிமாரும் பள்ளிக்கூடத்துப் பொறிக்கதவுக்குள்ள இறங்குறாங்க. எவ்வளவு பெரிய ஆபத்து எண்டாலும் வருஷம் முடியிறதுக்குள்ள முடிச்சாகணும் எண்டு வாசிக்கிற புள்ளைக்குத் தெரியும், ஏனெண்டா அதுவும் அதே மாதிரி ஒரு வருஷத்துக்குள்ளதான் இருக்கு. ஏழாவது புத்தகத்துல மூணு பேரும் பள்ளிக்கூடத்த விட்டுட்டு காடு மேடெல்லாம் அலையிற பகுதி எனக்கு இழுபட்டதுக்கும் இதுதான் காரணமெண்டு நினைக்கிறன், மணி அடிக்காம நாள் போறது தெரியல்ல.

பேர்சி ஜாக்சன் கதையில இதுக்கு மறுபக்கம், அங்க முக்கியமான சங்கதியெல்லாம் கோடை லீவுல, கேம்ப்ல. அதுவும் நல்லம்தான், ஆனா வகுப்பறைக்குள்ள மாயம் வந்தாத்தான் எனக்கு ருசி.

இப்ப என்ட ஆசை என்னெண்டா, எங்கட பள்ளிக்கூட வருஷத்துக்குள்ள நடக்கிற ஒரு கதை, தமிழ்ல, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்துப் புள்ளைகளுக்கு. செப்டம்பர்ல தொடங்குற வருஷம் எங்கட புள்ளைகளுக்கு உடம்பில ஒட்டாது. எங்களுக்கு வழமையா ஜனவரியில தொடங்கி டிசம்பர்ல முடியும், மூணு தவணை. முதலாம் தவணையில இல்லங்களுக்கு இடையில விளையாட்டுப் போட்டி, இதுக்கு மேல ஒரு கதாசிரியருக்கு என்ன வேணும் சொல்லுங்க? ஹரி பொட்டர்ல நாலு வீடு பிரிச்சி புள்ளி போடுறதப் பார்த்து உலகமே வியந்திச்சி, எங்கட புள்ளைகள் வருஷா வருஷம் வள்ளுவர் இல்லம் கம்பர் இல்லம் எண்டு பிரிஞ்சி நிண்டு, இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை கட்டி, மார்ச் பாஸ்ட்டுக்கு வெயில்ல நடந்து பழகி, தொண்டை கட்டுற வரைக்கும் கத்திட்டுத்தான் வீட்ட வாறாங்க. அந்த அலங்காரப் பந்தலுக்குள்ள ராவையில ஒண்டு வந்து ஒளிச்சிருக்கு எண்டு தொடங்கினா எந்தப் புள்ள புத்தகத்த மூடும்?

ரெண்டாம் தவணை இன்னும் பெரிசு. வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கும், தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் எண்டு ஊர் ஊரா கண்ணகிட கதையப் பாட்டாச் சொல்லுற வழக்குரை படிப்பாங்க, கடைசியில அம்மனைக் குளிர்விக்கிற குளுத்தி. ராவு முழுக்கக் கோயில்ல முழிச்சிருந்த புள்ள காலம ஏழரைக்கு வகுப்புல இருக்கணும், கணக்கு டீச்சர் கேள்வி கேட்பா, அந்தப் புள்ளைக்கு மட்டும் ராவு கேட்ட சிலம்புச் சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது. மறுகா ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். இதெல்லாம் நாம புதுசா உண்டாக்கத் தேவையில்ல, கலண்டர்லயே கிடக்கு.

வாவியில நிலவு ராவையில மீன் பாடும் எண்டு சொல்லுற அந்தப் பாடும் மீனை மட்டும் ஒள்ளம் ஒதுக்கி வைப்பம் எண்டு சொல்லுவன். மட்டக்களப்பு எண்டாலே கல்லடிப் பாலத்தையும் நிலவையும்தான் எல்லாரும் எழுதுறாங்க, புள்ளைகளுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி ஆகிட்டு.

ஒரு சிக்கல் இருக்கு, ஹரி பொட்டர்ல போர்டிங், இங்க ஒண்டரைக்கு மணி அடிச்சா வீடு. ஆனா யோசிச்சிப் பார்த்தா அதுதான் எங்கட கதைக்குப் பலம். அம்மாவுக்குத் தெரியாம, சோறு திண்டுட்டு டியூஷனுக்குப் போற அந்த இடைவெளிக்குள்ள எல்லாம் நடக்கணும். டியூஷன்லதான் வேற வேற பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் ஒண்டாக் குந்துறாங்க. கல்முனைப் பக்கம் இன்னும் விசேஷம், தமிழ்ப் பள்ளிக்கூடமும் முஸ்லிம் பள்ளிக்கூடமும் பக்கத்துல பக்கத்துல, ஆனா லீவு வேற வேற, நோன்பு மாசம் அவங்களுக்கு லீவு. சைக்கிள்ல சேர்ந்து திரியிற ரெண்டு கூட்டாளிமார்ல ஒராள் வகுப்புக்குள்ள மாட்டுப்பட்டிருக்க மற்றவன் லீவுல தனியப் போய் மாயத்துல சிக்கினா எப்படி இருக்கும்? இப்படி ரெண்டு கலண்டர் ஒரே தெருவுல ஓடுற கதைய நான் இன்னும் எங்கயும் வாசிக்கல்ல.

மூணாம் தவணை மழை. 1978 நவம்பர் 23 சூறாவளியப் பற்றி எங்கட வீட்டுப் பெரியாக்கள் இன்னும் கதைப்பாங்க, தவணை முடிஞ்ச பிறகு வந்த 2011 ஜனவரி வெள்ளத்துல பள்ளிக்கூடங்களே முகாமாகிட்டு, மேசை கதிரைய ஒதுக்கிப்போட்டு சனம் படுத்திச்சி. வகுப்பறை ஒரே ராவுல ஊரார்ட வீடா மாறுது, தண்ணி ஏறுது, எக்ஸாம் நடக்குமா எண்டு ஆருக்கும் தெரியா, கதையிட உச்சம் வேற எங்கயும் தேட வேணாம். அந்த இடத்த எழுதுறவங்க பயமுறுத்த மட்டும் எழுதாம, சமைச்ச பெரிய கிடாரத்தையும் நனைஞ்ச கொப்பிய வெயில்ல காயப்போட்டதையும் சேர்த்து எழுதணும், புள்ளைகளுக்கு அதுவும் ஞாபகம் இருக்கும்.

தங்கச்சிட மகள்ட்ட இதெல்லாம் சொன்னன். "பெரியம்மா, வில்லன் ஆரு?" எண்டு கேட்டா. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் கிளாஸ்ல புள்ளைகள்ட நித்திரையக் களவெடுக்கிற ஒண்டு எண்டு அவவே சொன்னா, இப்ப கொப்பியில ரெண்டாவது அதிகாரம் போய்க்கொண்டிருக்கு, நீல இல்லம்தான் வெல்லணுமாம், அதுல விட்டுக்குடுக்கவே மாட்டாவாம்.