ஆடிக் கடலும் குளச்சல் கோட்டையும்

ஜூலை 27

அக்கா வீட்டுக்குக் குளச்சல் வந்தாச்சு. ஜூன் 1 முதல் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் இறங்காது, நாட்டு வள்ளக்காரர்களும் காற்றைப் பார்த்துத்தான் போகிறார்கள். மத்தியானம் மரச்சீனிக் கிழங்குக்கு ஐஸ் மீன்தான்.

சாயங்காலம் வெற்றித்தூண் பக்கம் நடந்தேன். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1741-ல் டச்சுக்காரர்களை ஜெயித்த இடம். தூணைப் பார்த்தால் ஏதோ ஒரே நாள் சண்டையில் முடிந்த விஷயம் போலத் தோன்றும். அப்படி இல்லை. மிளகு வியாபாரத்துக்காக மூண்ட பகை. 1740 கடைசியில் இலங்கையிலிருந்து வந்து இறங்கி, ராஜாவின் தலைநகர் பத்மநாபபுரத்தையே பிடிக்கிற நினைப்பில் இருந்தவர்கள், அடுத்த ஆண்டு நடுவில் இந்தக் கரையிலேயே மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய கோட்டைக்குள் முடங்கிப்போனார்கள். தரைப்பக்கம் முழுக்க ராஜாவின் படை. மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான்.

ஜூலை 28

அத்தான் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், விரல் நிற்காமல் ஓடுகிறது, பேச்சும் நிற்கவில்லை. கோட்டைக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஆடியில எவன் மாப்ளே இந்தக் கரையில அரிசி மூடை இறக்குவான்? கப்பல் அங்க நிக்கும், வள்ளம் இங்க கவிழும்."

எனக்கும் அதுதான் படுகிறது. பனந்தடிகளை வண்டியில் வரிசையாக வைத்துப் பீரங்கி என்று காட்டி மிரட்டிய ஊர்க்கதையை எல்லாரும் சொல்வோம், கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் ஆனி ஆடிக் கடலையும் ராஜாவின் படையிலேயே சேர்க்க வேண்டும்.

ஜூலை 30

மழை. வெளியே போகவில்லை.

டச்சுக்காரர்கள் உதவி கேட்காமல் இல்லை. ஆள் வேண்டும், படை வேண்டும் என்று பத்தாவியா வரைக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தா வரைக்கும், கேட்டுப் பார்த்தார்கள். அங்கே 1740 அக்டோபரில் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்திருந்தார்கள், அதிலிருந்து கிளம்பிய சண்டை ஜாவா முழுக்கப் பரவி, டச்சுக்காரர்களின் தலைமையகமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திணறிய நேரம். குளச்சலுக்கு யார் கப்பல் அனுப்புவார்கள்? அந்தப் படுகொலையின் கணக்கில் கொஞ்சம் இங்கே வந்து தீர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு குண்டு கோட்டைக்குள் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடிக்க, இருந்த அரிசியும் எரிந்துபோனது. அப்புறம் என்ன, சரணடைவதுதான்.

ஆகஸ்ட் 1

தடை முடிந்துவிட்டது. ராத்திரியிலிருந்தே துறைமுகத்தில் ஐஸ் வண்டி, டீசல், சத்தம். அத்தானிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன், வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டை.

குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படையினரில் ஒருவரான டிலனாயின் கல்லறை இங்கேதான், இடிந்த தேவாலயத்துக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. கைதியாக வந்தவர் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பேர் வாங்கி, 1777-ல் செத்தார். கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டையைக் கல்லால் பலப்படுத்தியதும் அவர்தான். கடலை ஒட்டிய கோட்டை, நடுவில் ஒரு குளம். அரிசியில்லாமல் குளச்சலில் மாட்டிக்கொண்ட மனுஷன், முதலில் தண்ணீருக்கு வழி பார்த்திருப்பார் என்று நம்பத் தோன்றுகிறது.